நீலக் கோடு கறுப்பாகும் வரை

டிசைன் ரூம் மாடியில் இருக்கிறது. கீழே மெஷின் ஷாப். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஏசி, அந்தப் பக்கம் கூலன்ட் வாடை. பெரிய லேத்தில் ரஃப் கட் ஓடும்போது மேஜைமேல் வைத்த டீயில் அலை எழும். கோவையில் கணபதிப் பக்கம் இப்படிப்பட்ட மாடிகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றில் எனக்கு ஒரு மூலை நாற்காலி. பம்புசெட்டோடு பாலித்தீன் உறையில் போட்டுக் கொடுக்கும் தமிழ்க் கையேட்டை எழுதித் தருவது என் வேலை. எந்த மூடியைக் கழற்றலாம், எதைத் தொடக் கூடாது, தண்ணீர் ஏறாவிட்டால் எங்கே பார்க்க வேண்டும், இதற்கெல்லாம் படம் வேண்டும். கேட்டால், "உக்காருங், தர்றோம்" என்பார்கள். அந்த உட்காருதல் சில நாள் மதியம்வரை நீளும். பேசக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். எல்லார் காதிலும் ஹெட்போன்.

ஹெட்போன் வந்தது சமீபத்தில். கம்பெனி 2டி-யிலிருந்து 3டி-க்கு மாறுகிறது. இத்தனை வருஷமும் ஆட்டோகேடில் கோடு போட்டே காலம் ஓடிவிட்டது. பம்பு அப்படியொன்றும் அடிக்கடி மாறுகிற பொருள் இல்லை. பழைய ட்ராயிங்கை எடுத்து, இம்பெல்லர் விட்டத்தில் கொஞ்சம் குறைத்து, வேறு பெயரில் சேமித்தால் புது மாடல். இப்போது வெளிநாட்டு வாடிக்கையாளர் தன் பைப் லைனோடு பொருத்திப் பார்ப்பதற்கு 3டி கோப்பு கேட்கிறார். வார்ப்புக்கான பேட்டர்னை மரத்தில் இழைத்துக்கொண்டிருந்த கடைகளிலும் சி.என்.சி. ரூட்டர் வந்துவிட்டது, அவர்களும் "ஸ்டெப் ஃபைல் இருந்தாக் குடுங்" என்கிறார்கள். கோடு போட்டுக்கொண்டிருந்த ஐந்து பேருக்கும் புது மென்பொருள் கற்றுத்தர வேண்டும். ஆட்டோகேட் வந்த காலத்தில் டீலர் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து வகுப்பெடுத்தாராம். அத்தனை பேரும் ஒரு வாரம் வகுப்பில் உட்கார்ந்தால் கீழே ஷாப் நின்றுபோகும் என்பது முதலாளியின் இன்றைய கணக்கு. ஆகவே ஆன்லைன். ஆளுக்கொரு லாகின், வரிசையாக வீடியோ, ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வினா, கடைசியில் சான்றிதழ். காலை 9 முதல் 10 வரை படிப்பு நேரம். சனிக்கிழமை சாயங்காலம் யார் எத்தனை சதவீதம் முடித்தார்கள் என்ற பட்டியல் எச்.ஆர். மேடத்துக்குப் போகும்.

இந்த ஐவரில் மூவரைச் சொன்னால் போதும். மற்ற இருவர் பாடத்தை ஓடவிட்டுவிட்டு ஆட்டோகேடிலேயே வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, யாராவது ட்ராயிங் இறக்கத்தானே வேண்டும்.

எல்லாரும் அண்ணா என்று கூப்பிடுகிறவர் மூத்தவர். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் படித்துவிட்டு வந்தவர். மினி டிராஃப்டர், ட்ரேசிங் பேப்பர், அம்மோனியா பிரின்ட் காலத்திலிருந்து இருக்கிறார். அவருடைய பழைய ட்ராயிங் போர்டு இன்னும் அறையில்தான் இருக்கிறது; சுவரில் சாய்ந்து நிற்கிறது, அதில் நாட்காட்டி தொங்குகிறது. இரண்டாவது ஆள் ஒரு பெண். பி.இ. மெக்கானிக்கல். கல்லூரியிலேயே அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் ஒரு மென்பொருள் பாடம் முடித்தவள். அண்ணா அவளைக் கண்ணு என்பார். மூன்றாவது, ராமநாதபுரத்துப் பையன். டிப்ளமோ. "அண்ணே" என்று அவன் இழுக்கும்போதே ஊர் தெரிந்துவிடும்.

ஒன்பது மணிக்குப் பாடம் தொடங்கும். அமெரிக்க உச்சரிப்பில் ஒருவர் உற்சாகமாகப் பேசுவார். அது எனக்குக் கேட்காது. திரையில் அம்புக்குறி ஓடுவதும், ஒரு தட்டு கனமாவதும், அதில் துளை விழுவதும் தெரியும். ஐந்து திரையிலும் அதே தட்டு, வெவ்வேறு நிலையில். ஒன்பதேகாலுக்கு இன்டர்காம் அடிக்கும். கீழே ஏதோ ஷாஃப்டில் அளவு புரியவில்லை. அண்ணா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கி, பாடத்தை நிறுத்தி, பழைய ட்ராயிங்கைத் திறந்து, அளவைச் சொல்லி, மறுபடி பாடத்துக்கு வருவார். விட்ட இடம் மறந்திருக்கும். பின்னால் நகர்த்துவார். மறுபடி இன்டர்காம். படிப்பு நேரம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. அந்தப் பலகை மாடியில் இருக்கிறது, இன்டர்காம் கீழே இருக்கிறது. ஆன்லைனில் பயிற்சி கொடுப்பது மலிவு என்று முதலாளிமார் சொல்லும்போது இந்த ஒரு மணி நேரத்தை யாரும் விலை போடுவதில்லை. வகுப்பு நடத்தினால் ஷாப் நிற்கும்; ஆன்லைனில் நடத்தினால் ஷாப் நிற்காது, படிப்புதான் நிற்கும். இரண்டிலும் ஏதோ ஒன்று நிற்கத்தான் செய்கிறது.

இதற்கு மேல் லைசென்ஸ் தொல்லை. கம்பெனி வாங்கியது மூன்று. ஆளுக்கு ஒன்று என்று இல்லாமல் சர்வரில் இருக்கும். யார் முதலில் திறக்கிறார்களோ அவர்களுக்கு. நான்காவது ஆள் திறந்தால் கிடைக்காது என்று செய்தி வரும். வீடியோ பார்க்கலாம், கை வைக்க முடியாது. பையன் எட்டேமுக்காலுக்கே வந்து திறந்து வைத்துவிட்டு டிபன் சாப்பிடக் கீழே போய்விடுவான். பெரியவர் வந்து கிளிக் செய்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீடியோவைப் பார்ப்பார். பார்த்து மட்டுமே படித்த அந்த நாட்களில் அவர் எதையும் கற்றதாக எனக்குத் தோன்றவில்லை. மென்பொருளைப் பார்த்துப் பழக முடியாது. மௌஸை வைத்திருக்கும் கைக்கும் கண்ணுக்கும் இடையில்தான் அது ஏறுகிறது. போதாக்குறைக்குப் பாடத்தோடு வந்த பயிற்சிக் கோப்புகள் புதிய பதிப்பில் சேமிக்கப்பட்டவை. கம்பெனியில் இருப்பதோ இரண்டு வருஷம் முந்தைய பதிப்பு. பழைய கோப்பைப் புதியது திறக்கும், புதியதைப் பழையது திறக்காது; இந்தத் தொழிலில் பெரும்பாலும் அப்படித்தான். வீடியோவை நிறுத்தி, திரையில் தெரியும் அளவுகளைக் காகிதத்தில் குறித்து, அந்தப் பாகத்தை ஆரம்பத்திலிருந்து தாங்களே வரைந்துகொண்டார்கள். வேறு வழியில்லாமல் செய்த இந்த வேலைதான் பாடத்திலேயே நல்ல பயிற்சியாக அமைந்தது. பாடம் தயாரித்தவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

ஒரு நாள் அண்ணாவுக்கு லைசென்ஸ் கிடைத்தது. இரண்டாம் பாடம், ஸ்கெட்ச். திரையில் ஒரு செவ்வகம். நீல நிறம். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழித்தார். மறுபடி வரைந்தார், அழித்தார். அந்தப் பெண் தன் ஹெட்போனை இறக்கினாள்.

"ஏனுங்ண்ணா, அங்கயே நிக்கறீங்ளாட்ட இருக்குது?"

"அவன் அளவு போடாமக் கோடு போடச் சொல்றான் கண்ணு. எங்க வேணாலும் போடுங்கறான். எங்க வேணாலும் போடறதுக்கு நா எதுக்கு?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய சங்கடம் நியாயமானது. ட்ராயிங் போர்டிலும் சரி, ஆட்டோகேடிலும் சரி, போடும்போதே கோடு சரியாக இருக்க வேண்டும். 120 என்றால் 120. தப்பாகப் போட்ட கோடு தப்பாகவே கிடக்கும், யாரும் காப்பாற்ற மாட்டார்கள். புது மென்பொருள் வேறு ஒழுங்கு கேட்கிறது. முதலில் உத்தேசமாகப் போடு. பிறகு இந்தக் கோடும் அந்தக் கோடும் சமம், இது அதற்குச் செங்குத்து, இந்த வட்டத்தின் மையம் இந்தக் கோட்டின் நடுவில் என்று உறவைச் சொல். கடைசியில் அளவைக் கொடு. எல்லாம் சொல்லி முடிக்கும்வரை கோடு நீலம். இனி நகர இடமில்லை என்றால் கறுப்பு. தேவைக்கு மேல் சொல்லிவிட்டால் சிவப்பு.

யோசனை ஒன்றும் புதிதில்லை. 1963-ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஸ்கெட்ச்பேடிலேயே இது இருந்தது. ஒளிப்பேனாவால் திரையில் கோணல்மாணலாக ஒரு உருவம் இழுத்து, இவை இணை, இவை செங்குத்து என்று சொன்னால் கணினி நேராக்கிக்கொள்ளும். 1982-ல் வந்த ஆட்டோகேட் ட்ராயிங் போர்டைச் சாதாரணக் கணினிக்குள் கொண்டுவந்ததே ஒழிய, உறவு சொல்லி வரைகிற பழக்கத்தைக் கூடவே கொண்டுவரவில்லை. 1980-களின் கடைசியில் ப்ரோ-இன்ஜினியர் வந்துதான் அது தொழிற்சாலைக்குள் நுழைந்தது. 1995-ல் சாலிட்வொர்க்ஸ் வந்ததும் விண்டோஸ் கணினி இருக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் பரவத் தொடங்கியது. கணபதியில் இந்த மாடிக்கு ஏறிவர இன்னும் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. வீடியோவில் பேசுகிறவர் இந்த இடத்தை முப்பதே நொடியில் கடந்துவிட்டார். அவருடைய மாணவர்களுக்கு இது முதல் மென்பொருளாக இருக்கும் என்று நினைத்திருப்பார். கையில் வேறொரு பழக்கம் முப்பது வருஷமாக ஊறியவர் கேட்பார் என்று நினைத்திருக்க மாட்டார். ஒன்றுமே தெரியாதவருக்கும், ஒன்றை நன்றாகத் தெரிந்தவருக்கும் ஒரே பாடம் போதாது. விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. வாங்குகிறவர்கள் கேட்பதும் இல்லை.

அந்தப் பெண் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். அவர் மௌஸை வாங்கவில்லை, அது முக்கியம். கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"போடுங்ண்ணா, சும்மா. இப்ப அந்த மூலையப் புடிச்சு இழுத்துப் பாருங்."

இழுத்தார். செவ்வகம் ஊதியது, சுருங்கியது.

"நீங்க இன்னும் ஒண்ணுஞ் சொல்லலையல்லங், அதான் ஆடுது. ஒண்ணு ஒண்ணாச் சொல்லுங். ஆட்டம் நிக்கும்."

ஒரு அளவு கொடுத்தார். அந்தப் பக்கம் நின்றது. இன்னொன்று. செவ்வகத்தை மூலப்புள்ளியோடு கட்டினார். நான்கு கோடும் ஒரே நேரத்தில் கறுத்தன. அவர் மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தார்.

"அட," என்றார்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர் தனியாக உட்கார்ந்து ஒரு ஃபிளேஞ்சின் துளைகளை வரைந்துகொண்டிருந்தார். நீலமாக இருக்கும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பார். எது ஆடுகிறது என்று தெரிந்ததும் அதற்கு மட்டும் அளவு. ட்ராயிங்கில் அளவு விடுபட்டுப்போய்க் கீழேயிருந்து இன்டர்காம் வருமே, அந்த விடுபடல்கள் இங்கே நீலமாகக் கண்ணெதிரே தெரிகின்றன. இதை அவராகத்தான் கண்டுபிடித்தார். மூன்றாம் நாள் பையனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆன்லைன் பாடத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வெட்கம் இல்லாமல் திரும்பக் கேட்கலாம். ஒரு துண்டை அண்ணா விடாமல் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்ததை நான் கவனித்திருக்கிறேன். வேகத்தையும் முக்காலாகக் குறைத்து வைத்திருந்தார். வகுப்பில் இருந்திருந்தால் கையைத் தூக்கியிருக்க மாட்டார். தன்னிடம் வேலை பழகிய பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, இருபத்தைந்து வயது பயிற்சியாளரிடம் "புரியலைங்" என்று சொல்வது அவருக்கு நடக்கிற காரியமா? வீடியோக்காரன் முகம் சுளிப்பதில்லை. அந்தப் பெண்ணோ ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பாள். ஒரே பாடம் ஒரே அறையில் இரண்டு வேகத்தில் ஓடுவது எந்த வகுப்பிலும் நடக்காத விஷயம்.

சதவீதம் வேறு கதை. பட்டியலில் முதலில் நூறைத் தொட்டவன் பையன். வீடியோவை ஒரு மூலையில் சின்னதாக ஓடவிட்டு, வினா வந்ததும் விடையைக் கிளிக் செய்து, தப்பானால் இன்னொன்றைக் கிளிக் செய்து, பச்சை டிக் விழும்வரை தொடர்ந்தான். நான்கு விடையில் ஒன்று சரி. மிஞ்சினால் நான்கு கிளிக். மேடம் மேலே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இணையத்தில் நடத்திய இலவசப் பாடங்களைப் பற்றி 2019-ல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேர்தான் முடித்திருக்கிறார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம். உலகம் முழுக்க முடிக்க மாட்டார்கள், கம்பெனிக்குள் எல்லாரும் முடித்துவிடுவார்கள். சனிக்கிழமைப் பட்டியல் இருக்கிறதல்லவா? எத்தனை பேருக்கு வரைய வந்தது என்பதை மூன்றும் சொல்லாது, நூறும் சொல்லாது.

அந்த நூறு சதவீதத்தின் விலை சீக்கிரமே மாடி ஏறி வந்தது. ஃபோர்மேன் கையில் ஒரு ட்ராயிங். பின்னால் ஹெல்பர் ஒருவன் வெல்டிங் முடிந்த பேஸ் ஃபிரேமைத் தோளில் சாய்த்துத் தூக்கி வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே வைத்தான். சின்னது, ட்ரையல் பீஸ்.

"ஏந் தம்பி, இந்த கன்ட்ரோல் பாக்ஸ் பிராக்கெட்டு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்ணே."

"ட்ராயிங்கு அப்படிச் சொல்லலியே."

பையன் பதறி மாடலைத் திறந்தான். மாடலில் பிராக்கெட் வலது பக்கத்தில்தான் இருந்தது. ட்ராயிங்கிலும் பக்கத் தோற்றம் வலது பக்கத்தில் இருந்தது. பிறகென்ன? அண்ணா எழுந்து வந்தார். ட்ராயிங்கை வாங்கினார். படத்தைப் பார்க்கவில்லை, அடியில் டைட்டில் பிளாக்கில் விரலை வைத்தார். நுனி வெட்டிய கூம்பும், பக்கத்தில் இரண்டு வட்டமும் கொண்ட அந்தச் சின்னக் குறி. "தேர்ட் ஆங்கிள்," என்றார்.

வீடியோவில் பார்த்த ஷீட் அமைப்பை அப்படியே போட்டிருக்கிறான் பையன். அமெரிக்கர்கள் வரைவது தேர்ட் ஆங்கிளில்; வலது பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவதை வலது பக்கத்திலேயே வைப்பார்கள். நம் நாட்டில் பி.ஐ.எஸ்.-ஸின் எஸ்.பி. 46 சொல்வது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அதில் வலது பக்கம் வைத்திருப்பது இடது பக்கத்திலிருந்து பார்த்த தோற்றம். மேலிருந்து பார்த்தது கீழே வரும். ஐ.டி.ஐ.யில் தொடக்கத்திலேயே மண்டையில் ஏற்றும் விஷயம். கீழே இருக்கும் வெல்டர் வாழ்நாள் முழுக்க ஃபர்ஸ்ட் ஆங்கிளில் படித்தவர்; குறியைப் பார்க்க அவருக்கு என்ன அவசியம்? பிராக்கெட்டை இடது பக்கம் வைத்து வெல்டடித்துவிட்டார். வீடியோவில் சொன்னது தப்பில்லை. பையன் செய்ததும் வீடியோவின்படி சரி. வெல்டரும் சரி. ஃபிரேம் மட்டும் தப்பு.

ஃபோர்மேன் திட்டவில்லை. "வெட்டி மாத்திக்கலாம் வுடு" என்று இறங்கிவிட்டார். அதற்குத்தான் பையன் அதிகம் கூசிப்போனான். சாயங்காலம் அண்ணா கம்பெனி ஷீட்டைத் திறந்து, ஃபர்ஸ்ட் ஆங்கிள், மில்லிமீட்டர், டைட்டில் பிளாக்கில் கம்பெனி பெயர், டாலரன்ஸ் அட்டவணை எல்லாம் வைத்து ஒரு டெம்ப்ளேட் செய்யச் சொன்னார். இவர் சொல்லச் சொல்லப் பையன் செய்தான். பாடம் தொடங்கிய முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது. பாடத்தை விற்றவருக்கு இந்தக் கம்பெனி ஷீட் தெரியாது. வாங்கியவர்களுக்கு அது ஒரு வேலை என்றே தெரியவில்லை.

பையனைச் சொன்னேன்; அந்தப் பெண்ணும் ஒரு நாள் மாட்டினாள். அவள் மாடல் செய்த வால்யூட் கேசிங் அழகாக இருந்தது. சங்கைப் போலச் சுருண்டு டெலிவரி வாய்க்கு விரிகிற அந்த வளைவை 3டி-யில் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. குறுக்குவெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, லாஃப்ட் போட்டு, எங்கும் சுருக்கம் விழாமல் இழுத்திருந்தாள். பளபளவென்று திரையில் சுழன்றது. முதலாளிகூட வந்து பார்த்துவிட்டுப் போனார். அண்ணா அவள் பின்னால் நின்று, திரையைச் சுற்றச் சொல்லி, நிறுத்தச் சொல்லி, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லாருக்குது கண்ணு. பேட்டர்ன எந்தப் பக்கம் எடுப்பாங்க?"

அவள் பதில் சொல்லவில்லை. கேள்வியே புதிது. மணலில் பேட்டர்னைப் பதித்து, மணல் இறுகியதும் உருவி எடுக்க வேண்டும். சுவர் நெட்டுக்குத்தாக நின்றால் உருவும்போது மணலைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு டிகிரியோ இரண்டு டிகிரியோ சாய்வு வேண்டும். எந்தத் தளத்தில் மணல் பெட்டி இரண்டாகப் பிரிகிறது, உள்குழிவை உண்டாக்கும் கோர் எங்கே உட்காருகிறது, இவை எல்லாம் முடிவான பிறகுதான் சாய்வு எந்தத் திசையில் என்பதே தெரியும். மென்பொருள் இதையெல்லாம் கேட்காது. காற்றில் மிதக்கிற சுவரையும் கட்ட விடும். ஆனாலும் சாய்வைப் பார்ப்பதற்கென்றே அதில் ஒரு கருவி இருக்கிறது. இழுக்கும் திசையைச் சொன்னால் சாய்வு போதாத பக்கங்களை நிறம் போட்டுக் காட்டும். அது கடைசிப் பாடங்களில் எங்கோ, பிளாஸ்டிக் அச்சு பற்றிய பகுதியில் கிடந்தது. அவளே தேடி எடுத்தாள். திசையைக் கொடுத்ததும் கேசிங்கின் பாதி மஞ்சளாகிவிட்டது. இரண்டு நாள் வேலை. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. என் கையேட்டைப் புரட்டிக்கொண்டேன்.

பேட்டர்ன் கடைக்காரர் வந்தது அதற்கப்புறம். கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல். சாதாரண ஸ்கேல் மாதிரியே இருக்கும், ஆனால் அதில் 100 என்று எழுதியிருக்கும் இடம் உண்மையில் 101 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று அளவில் சுருங்கும். அதை முன்கூட்டியே பேட்டர்னில் ஏற்றிவிடுவதற்கான ஸ்கேல். கணக்குப் போடத் தேவையில்லை, இதை வைத்து அளந்தாலே போதும். 300 வேண்டும் என்றால் மரம் 303-ல் வந்துவிடும். அவர் மேஜையில் அதை வைத்துவிட்டு, "மெஷின்ல வெட்டறப்ப இந்த ஸ்கேலு எங்கீங் வெக்கறது?" என்று கேட்டார். கிண்டலா நிஜமா தெரியவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் மெனுவில் தேடி, ஸ்கேல் என்ற கட்டளையைத் திறந்து, 1.01 என்று அடித்தாள். கேசிங் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளர்ந்தது. அவர் நம்பவில்லை. விட்டத்தை அளக்கச் சொன்னார். அளந்து காட்டினாள். முன்னது எவ்வளவு என்று கேட்டார். காட்டினாள். மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு அரைமணி நேரம் அவர் நகரவில்லை. மெஷினிங் அலவன்ஸ் எங்கே எவ்வளவு விடுவது, கோர் பிரின்ட் எங்கே, எந்த மூலையில் ரேடியஸ் பெரிதாக வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொன்றையும் மாடலில் ஏற்றினாள். வார்ப்புக்கு ஒரு மாடல், மெஷின் செய்த பிறகு ஒரு மாடல் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் வழியை அன்றுதான் அவர்கள் வகுத்தார்கள். அவள் திரையின் இன்னொரு பக்கத்தில் பாடம் நின்றுபோன இடத்தில் நின்றுகொண்டிருந்தது: 62 சதவீதம். அந்த வாரப் பட்டியலில் அவள்தான் கடைசி.

கோவைக்கு இப்படிக் கற்பது புதிதில்லை. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-ல் மோட்டார் செய்த ஊர். கழற்றிப் பார்த்தும், பக்கத்தில் நின்று பார்த்தும் தொழில் பழகிய தலைமுறைகள் இங்கே உண்டு. அதற்காகப் பழைய முறையே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்று பழகியவர்கள் பலர் பக்கத்தில் நின்றவரின் தப்பையும் சேர்த்தே பழகினார்கள். கேள்வி கேட்டால் அடிதான். வீடியோக்காரன் அடிப்பதில்லை. ஆனால் அவன் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறான். யாராவது அவனை நிறுத்திவிட்டுப் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினால்தான் இந்த அறையில் ஏதோ நடக்கிறது. நிறுத்துவதற்கு நேரம் கொடுக்காத கம்பெனி, பாடத்துக்குக் கொடுத்த பணத்தில் பாதியைத் தண்ணீரில் போட்டது மாதிரிதான்.

முதலாளிக்கு இது யார் சொல்லித் தெரிந்ததோ, நான் சொல்லவில்லை. படிப்பு நேரம் ஐந்து மணிக்கு மாறியது. அந்த நேரத்தில் ஷிஃப்ட் மாறுவதால் இன்டர்காம் அடிப்பது குறைவு. லைசென்ஸ் ஒன்று கூடியது. பாடத்தில் வரும் தட்டையும் பிராக்கெட்டையும் விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு சொந்தப் பம்பின் பாகத்தை எடுத்துச் செய்யச் சொன்னார்கள். அண்ணாவுக்குக் கிடைத்தது ஒரு பழைய ஓப்பன்வெல் பம்பின் சக்ஷன் கவர். அதன் ட்ரேசிங்கை முதலில் போட்டவரே அவர்தான்.

அடுத்த தொகுதி ஆட்கள் வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். அண்ணாவை உட்காரவைத்து, திரையையும் குரலையும் சேர்த்துப் பதிவு செய்தாள். எப்படிப் பேசுவது என்று அவர் கொஞ்சம் திணறினார். பிறகு சக்ஷன் கவரைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "இப்ப இந்த எடத்தப் பாருங், இங்க மணலு நிக்காதுங்" என்று தன் பாட்டில் பேச ஆரம்பித்துவிட்டார். நடுவில் இன்டர்காம் அடித்தது; அதுவும் பதிவாகிவிட்டது. அதை வெட்டி எடுக்க வேண்டாம் என்றாள் அவள்.

அதை மேடத்தின் தளத்தில் ஏற்றப் போனபோது ஏறவில்லை. வினா இல்லாத பாடத்தை அது ஏற்றுக்கொள்ளாதாம். குறைந்தது ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். முதல் கேள்வி: புதுக் கேசிங் மாடல் தொடங்குவதற்கு முன் முதலில் முடிவு செய்ய வேண்டியது எது? அவள் மூன்று விடை எழுதினாள்: சுவர்த் தடிமன், பெட்டி பிரியும் தளம், ஃபிளேஞ்ச் அளவு. நான்காவதற்கு யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணா சொன்னார்: "பேட்டர்ன் கடைக்காரரக் கேப்பேன்னு போடு."

போட்டாள். எது சரி என்று குறிக்க வேண்டிய இடத்தில் இருவருக்கும் சண்டை. அவள் இரண்டாவது என்றாள். அவர் நான்காவது என்றார். மேடத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒரே ஒரு சரியான விடையைத்தான் குறிக்க முடியும், தளம் அப்படித்தான் அமைந்திருக்கிறது என்றார் மேடம். நான் கேட்ட படம் அன்றும் வரவில்லை.